பிளஸ் ஒன்னுக்கு யார் காவல்?

திருத்தணி மலைக்கு 365 படி. கீழ்ப்பாதி ஏறாமலே உச்சிக்குப் போக முடியுமா பாஸ்? ‘முடியும்’னாங்க பல தனியார் பள்ளிக்காரங்க! பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிட்டு, ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருப்போட வெச்சாங்க. ஸ்கூல் வாசல் பேனர்ல சென்டம். இன்ஜினீயரிங் முதல் செமஸ்டர் மேத்ஸ்ல பலருக்கு அரியர்.

அதைத் தடுக்கத்தான் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-ல இருந்து அதுவும் ரத்து. டென்ஷன் குறைஞ்சது சந்தோஷம்தான். ஆனா, பாடம் நடக்குதானு இனி யார் பார்ப்பாங்க?

இதே திருத்தணியில பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லணும்னா அது தேர்வுமுறைதான்னு 1949-லயே சொல்லிடுச்சு. பரீட்சையை வைக்கிறதும் எடுக்கிறதும் மட்டும் சீர்திருத்தமா? பாடம் நடத்தாதது பள்ளி. பரீட்சை எழுதி மாட்டுறது மட்டும் நாமளா?

உங்க தம்பி, தங்கச்சி பிளஸ் ஒன்னா? இன்னிக்கே அவங்க மேத்ஸ் நோட்டை வாங்கிப் புரட்டுங்க. எந்த வருஷப் பாடம் ஓடுதுனு தெரிஞ்சிடும்!