சாவுக்கு லீவு உண்டு, பார்க்கப் போக?

"பாட்டி இழுத்துக்கிட்டுக் கிடக்கு. உன் பேரைத்தான் சொல்லுது. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயிடு."

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் இப்படியொரு போன் வராத வீடு குறைவு. அது பெரும்பாலும் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் வரும். ஊர் அரூர்ப் பக்கமோ செங்கம் பக்கமோ இருக்கும். உடனே கிளம்பிவிடத்தான் மனசு சொல்லும். ஆனால் மறுநாள் ஏ ஷிப்ட் இருக்கும். ஒரு நாள் போனால் அன்றைய சம்பளம் மட்டும் போவதில்லை, அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். சூப்பர்வைசரிடம் "பாட்டி சீரியஸ்" என்று சொல்லத் தயங்கும் பிள்ளைகளும் உண்டு. லீவுக்காகச் சொல்லும் பொய் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு.

பாட்டி இறந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதற்கு லீவு கிடைத்துவிடும். உயிரோடு இருக்கும்போது போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் விதிகளில் இடமில்லை.

இந்த வட்டாரத்தில் பாட்டி, தாத்தா என்றால் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மானாவாரிக் காட்டு ஊர்களிலிருந்து ஒரு தலைமுறையே கட்டட வேலைக்குப் பெங்களூர் போனது. கணவனும் மனைவியும் சித்தாளாகவும் மேஸ்திரியாகவும் அங்கே ஷெட்டில் தங்க, பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தார்கள். பள்ளிக்கு அனுப்பியது, ரேஷன் வாங்கியது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் பாட்டிதான். அப்படி வளர்ந்து, ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்தவர்கள்தான் இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் லைனில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பாட்டியின் படுக்கை பெற்ற தாயின் படுக்கைக்குச் சமம்.

சட்டம் இதைப் பார்க்கவில்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. அதற்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தொழிலாளிக்கே உடம்பு சரியில்லை என்றால் மட்டும் அந்தக் கெடுவுக்கு விலக்கு இருந்தது. அதே 1948-இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டமோ தொழிலாளியின் குடும்பம் என்று கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோரை எழுதியது. அச்சட்டப்படி மருத்துவம் அவர்களுக்கு இருந்தது, பாட்டிக்கு இல்லை. வேலையில் தொழிலாளி இறந்துபோனால் சார்ந்தோருக்குக் கிடைத்த உதவித்தொகையில் மட்டும் ஒரு மூலையில் இடம் வைத்தார்கள். அதுவும் தொழிலாளியின் பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால், தந்தை வழித் தாத்தா பாட்டிக்கு மட்டும். அம்மாவைப் பெற்றவள் வளர்த்திருந்தால் அவளுக்கு அந்த மூலையும் இருக்கவில்லை. இந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை. இச்சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. விடுப்புக்கான 240 நாள் 180 ஆனது நல்ல மாற்றம். என்றாலும் ஒப்பந்தத் தொழிலாளியாக ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் என்று மாறுகிறவருக்கு அந்த 180-ஐ எட்டுவதும் சிரமம்தான்.

சில நேரம் பாட்டி ஊரில் இருப்பதில்லை, பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருப்பார். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓசூர் ரோட்டிலும் அதை ஒட்டியும்தான் அந்நகரின் பெரிய மருத்துவமனைகள் பலவும் இருக்கின்றன: பொம்மசந்திராவில் நாராயணா, கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ், இன்னும் உள்ளே நிம்ஹான்ஸ், புற்றுநோய்க்குக் கித்வாய். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று ஒவ்வொரு நெரிசலையும் தாண்டிப் போய்ச் சேரும்போது பார்வை நேரம் முடிந்திருக்கும். ஐசியு என்றால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். பி ஷிப்ட்காரருக்கு மாலைப் பார்வை நேரம் எந்நாளும் வாய்க்காது.

இடையில் ஒரு மாநில எல்லையும் இருக்கிறது. சாதாரண நாட்களில் அதைக் கடந்ததே தெரியாது. 2016 செப்டம்பரில் காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டிப் பெங்களூரில் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையோர ஜூஜூவாடியோடு நின்றன. மூட்டையும் குழந்தையுமாக மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆளை வைத்திருந்தவர்களுக்கும் வேறு வழியில்லை.

2020 இன்னும் கொடுமை. ஏப்ரல் முடியும்வரை தமிழகத்தில் ஒரு தொற்றுகூட இல்லாமல் பச்சை மண்டலமாக இருந்த மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனாலும் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் மரணம் என்று காரணம் காட்ட வேண்டும். படுத்திருக்கும் தாத்தாவைப் போய்ப் பார்ப்பது இதில் எந்தக் காரணத்தில் சேரும் என்று தெரியாமல், விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்கள் உண்டு. "செத்தாத்தான் விடுவாங்க போல" என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். கர்நாடகம் அந்த மே மாதப் பிற்பகுதியில், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலிருந்து வருவோரை ஏழு நாள் முகாமில் தனிமைப்படுத்தியது. ஆகஸ்ட் 17-க்குப் பிறகுதான் தமிழகத்தில் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் என்றானது. செப்டம்பர் முதல் மாநிலத்துக்குள் பாஸே தேவையில்லை. அதற்குள் பல வீடுகளில் போக வேண்டிய காரணம் மாறிவிட்டது.

ஊர் மலைப்பக்கம் என்றால் எல்லை, பாஸ் எதுவுமே இல்லாமலும் பயணம் கடினம். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிப் பாதை காட்டுக்குள் போகிறது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயப் பகுதி அது. இருட்டினால் யானை சாலையைக் கடக்கும். இரவு பஸ் கிடைக்காமல் பி ஷிப்ட் முடிந்து பைக்கில் அந்தப் பாதையில் போகாதீர்கள் என்று வீட்டார் கெஞ்சுவது வீண் பயத்தினால் அல்ல. தூக்கமில்லாமல் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து. இப்போது ஓசூர்ப் பக்கம் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் ஜார்கண்ட், ஒடிசாப் பெண்களுக்கோ பெங்களூர் போய் ரயிலேறி ராஞ்சியை எட்டவே ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். அவர்களில் பலர் போன் திரையில்தான் பார்க்கிறார்கள்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுத்து, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பெங்களூருக்கு ஓடியே ஆக வேண்டும் என்ற நிலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. கிழவியின் வாசலுக்கு நர்ஸ் வருகிறார், மாத்திரை வருகிறது. அவள் கேட்கும் பேரன்தான் வர முடிவதில்லை.

அமெரிக்காவில் 1993-இல் ஒரு குடும்ப விடுப்புச் சட்டம் வந்தது. சம்பளம் இல்லாத 12 வாரம்தான், அதிலும் தாத்தா பாட்டி பொதுவாகச் சேர மாட்டார்கள். ஆனால் சிறு வயதில் பெற்றோர் இடத்தில் இருந்து வளர்த்தவர் என்றால், அவர் பாட்டியானாலும் அத்தையானாலும் அந்தச் சட்டம் அவரைப் பெற்றோராகவே எடுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது அந்த ஒரு அளவுகோல்தான்.

ஓசூர் ஆலைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து ஊதிய ஒப்பந்தம் பேசுகின்றன. கேன்டீன் சாப்பாடு முதல் ஷூ வரை அதில் எழுதுகிறார்கள். வேலைக்குச் சேரும்போதே தன்னை வளர்த்தவர் என்று ஒருவர் பெயரைத் தொழிலாளி எழுதிக் கொடுக்கட்டும். அவர் உயிருக்குப் போராடும்போது, ஆஸ்பத்திரிச் சீட்டையோ கிராம நர்ஸின் ஒரு வரியையோ காட்டினால் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும், முன்கூட்டியே கேட்கச் சொல்லாமல், அட்டெண்டன்ஸ் போனஸைத் தொடாமல். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும், ஏனென்றால் லைனில் நிற்பவர்களில் பலர் அவர்கள்தான். ஷிப்ட் மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இருந்தால் பல நேரம் அந்த இரண்டு நாள்கூடத் தேவைப்படாது. பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும் சங்கத் தோழர்கள் அடுத்த முறை இதைச் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.