சார்ஜர் போச்சா, வயர் போச்சா? லேப்டாப் வைத்திருப்பவர்களின் தீராத தலைவலி!

லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரியும் பரவாயில்லை. ஆனால், சார்ஜர் வயரை ஒரு பக்கமாக வளைத்து, அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை முட்டுக்கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். யாராவது கட்டிலில் வந்து உட்கார்ந்தால் போச்சு! நம் ஊரில் பல வீடுகளில் லேப்டாப் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனால், முதல் கேள்வியே ``மாடல் நம்பர் என்ன?'' என்பதுதான். லேப்டாப்பைத் திருப்பிப்போட்டு, தேய்ந்துபோன ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்துச் சொன்னால், ``முழு அடாப்டரையும் மாத்தணும்'' என்பார்கள். வயர்தானே போயிருக்கிறது என்றால், ``வயர் மட்டும் தனியா வராது'' என்று பதில் வரும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல மாடல்களுக்கு ஒரிஜினல் அடாப்டரின் விலை 2,000 ரூபாயைத் தாண்டும். பழைய மாடல் என்றால் ஸ்டாக்கே இருக்காது.

`வயர் தனியாக வராது' என்பது பாதிதான் உண்மை. லேப்டாப் சார்ஜரில் வயர் இரண்டு. சுவர் பிளக்கிலிருந்து கறுப்புப் பெட்டி வரை வருவது ஒன்று. பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் மெல்லிய வயர் இன்னொன்று. முதல் வயரைப் பெரும்பாலான சார்ஜர்களில் கையாலேயே உருவிவிடலாம். மிக்கி மவுஸ் முகம் மாதிரி மூன்று ஓட்டை உள்ள முனை இருக்கிறதே, அதேதான். பல கம்பெனிகளுக்கும் இது ஒன்றே. சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டு லேப்டாப்பின் வயரை வாங்கி ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் புது அடாப்டர் செலவு மிச்சம்.

இந்த வயரை வாங்கும்போது இரண்டு பின் பிளக் உள்ளதைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது பின், எர்த். அது இல்லாவிட்டால் சில மெட்டல் பாடி லேப்டாப்களைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும்.

வயர்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. 2014 ஆகஸ்ட்டில் ஹெச்.பி. நிறுவனம் `எல்.எஸ்-15' என்ற குறியீடு உள்ள பவர் வயர்கள் சூடாகி உருகலாம் என்று திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 56 லட்சம் வயர்கள்! லேப்டாப்பும் அடாப்டரும் அப்படியே இருக்க, வயரை மட்டும் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். தனியாகக் கழற்ற முடிந்ததால் அது சாத்தியமானது.

உண்மையான வில்லன், இரண்டாவது வயர். அதைப் பெட்டியோடு சேர்த்து ஒட்டியே தயாரிக்கிறார்கள். தினமும் மடங்குவதும் சுருட்டப்படுவதும் இதுதான். பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்திலோ பின் அருகிலோ உள்ளே அறுந்துபோகும். நல்ல நிலையில் உள்ள பெட்டியும் கூடவே குப்பைக்குப் போகிறது. டெல் லேப்டாப் பலவற்றில் இன்னொரு கூத்து உண்டு. பின்னின் நடுவே இருக்கும் ஊசி, `நான் ஒரிஜினல் அடாப்டர்' என்று லேப்டாப்புக்குச் சொல்லும். அந்த இழை மட்டும் அறுந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்து அதற்கும் செலவு செய்பவர்கள் உண்டு.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில், பெட்டியைத் திறந்து புது வயரை சால்டரிங் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் செய்தால் நல்ல வழிதான். வீட்டில் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

புது அடாப்டர்தான் ஒரே வழி என்றால், பழைய பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் `அவுட்புட்' என்று போட்டிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட்ஸ். பின்னின் தடிமனையும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும் பின்கள் உள்ளே போனதும் ஆடும். ஐ.எஸ் 13252 என்ற எண்ணும், `ஆர்' எழுத்துக்குப் பின் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். `பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

இத்தனை அலைச்சலுக்குப் பயந்தே பரணுக்குப் போன லேப்டாப்கள் எத்தனையோ! 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது, தம்பிக்கும் உதவியிருக்கும். சார்ஜர் போனது, மாடலும் பழசு என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இறக்கிவைத்து, சரியான வயரையோ அடாப்டரையோ மாட்டிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல் டைப்-சி சார்ஜிங் கட்டாயம். இங்கேயும் பல புது மாடல்கள் டைப்-சியில்தான் வருகின்றன. ஆனால், எல்லா டைப்-சி கேபிளும் ஒன்றல்ல. போன் கேபிள் பலவும் 60 வாட்ஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் கேட்கும் லேப்டாப்புக்கு 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். வீட்டில் இரண்டும் கலந்துபோகாமல் இருக்க, லேப்டாப் கேபிளின் முனையில் கலர் டேப் ஒன்றைச் சுற்றிவையுங்கள்.