கணினியின் வேகத்தைக் கூட்டுதல்: தொடங்குவோர் அறிய வேண்டுவன

பகுதி பகுதியாக வாங்கி, விளையாட்டுக்கெனத் தாமே கணினி அமைத்துக்கொள்ளும் இளைஞர் இந்நாளில் பலர். அமைத்து முடித்ததும் எழும் அடுத்த ஆவல், அதன் வேகத்தை இன்னும் கூட்டலாமா என்பதே. இதனை ஓவர்கிளாக்கிங் என்பர். கூட்டலாம், ஆனால், முறையறியாது கூட்டினால் பல மாதச் சேமிப்பு பாழாகும்.

கணினியின் மூளையாகிய செயலி, கடிகாரத் துடிப்புக்கேற்ப இயங்குவது. அதன் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல் ஆகும். இக்காலச் செயலிகளில் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண் 45 ஆயின் வேகம் 4,500 மெகாஹெர்ட்ஸ்.

ஆலை குறித்த வேகத்தை மிஞ்சுவது எவ்வாறு இயலும்? ஒரே வகைச் செயலிகளும் ஒரே வலுவுடன் அமைவதில்லை. வலுக்குறைந்ததும் தாங்கும் எல்லையையே ஆலையார் குறிப்பர். ஏனையவற்றில் சிறிது இடம் எஞ்சும். 1998ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் பெருக்கெண் 4.5. அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியபோது, 300 மெகாஹெர்ட்ஸ் செயலிகள் பல 450இல் ஓடின.

இன்று எல்லாச் செயலிகளும் இதற்கு இடந்தருவதில்லை. இன்டெல் செயலியாயின், பெயரில் 'கே' எழுத்துடையதும் அதற்கேற்ற 'இசட்' வரிசைத் தாய்ப்பலகையும் பொதுவாக வேண்டும். ஏஎம்டியின் ரைசன் செயலிகள் பெரும்பாலும் இடந்தருவன. எனினும் 'ஏ' வரிசைத் தாய்ப்பலகைகள் உதவா.

அஞ்ச வேண்டியவை வெப்பமும் மின்னழுத்தமும் ஆகும். வேகம் உயர்ந்தால் வெப்பம் அதே விகிதத்தில் ஏறும். மின்னழுத்தம் உயர்ந்தாலோ அதன் வர்க்க விகிதத்தில் ஏறும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து கூட்டினால், வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகும். மேலும், விசிறியோ நீர்க்குளிரூட்டியோ செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க வல்லதன்று. ஆகவே, வெம்மை மிகுந்த மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில், குளிர்நாட்டார் எய்திய வேகத்தை அப்படியே எதிர்பார்த்தல் தவறு.

தொடங்குவோர் முதலில் முக்கியக் கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் நன்று. நிலைகுலைந்த கணினி கோப்புகளையும் சிதைக்கக்கூடும். உத்தரவாதச் சீட்டையும் படித்தறிதல் வேண்டும். வேகங்கூட்டினால் உத்தரவாதம் நீங்குவதுண்டு. அடுத்து, எதையும் மாற்றுமுன் கணினிக்குக் கடும் வேலை கொடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு பயாஸில் பெருக்கெண்ணை ஒன்றே ஒன்று உயர்த்தி, பிரைம்95 போன்ற சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும். தேறினால் இன்னொரு படி. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தால், பிழை எதனால் நேர்ந்ததென்று தெரியாது போகும்.

செயலிகள் பலவற்றின் உச்ச எல்லை 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரை. அதற்குப் பத்துப் பாகையேனும் கீழே நிற்பது அறிவுடைமை. சோதனையில் கணினி உறைந்து நின்றால், மின்னழுத்தத்தை ஏற்றாமல் ஒரு படி இறங்குவதே புதியவர்க்கு ஏற்றது. மிகுந்த மின்னழுத்தம் செயலியின் ஆயுளைக் குறைக்கும். அத்தீங்கு உடனே கண்ணுக்குப் புலப்படாது. கணினி தொடங்கவே மறுத்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை; தாய்ப்பலகையின் கையேட்டில் கூறியவாறு சீமாஸ் அமைப்பை அழித்தால் பழைய நிலை மீளும்.

இக்காலச் செயலிகள் வெப்பமும் மின்சாரமும் இடந்தருமளவு தாமாகவே வேகத்தை உயர்த்திக்கொள்வன. எஞ்சியிருக்கும் ஆதாயம் சிறிதே. அச்சிறிதுக்காகச் செயலியை இழப்பது பேதைமையன்றோ? உச்ச எண்ணைத் தொட்டு ஒரு நிமிடம் நிற்பது வெற்றியன்று. பல மணி நேரம் ஓடியும் தடுமாறாத வேகமே உண்மையான வேகம்.