எதுகை கொடுத்த எண்ணம்

திருச்சி நெடுஞ்சாலையில் மதுராந்தகம் தாண்டினால் அச்சரப்பாக்கம். தேவாரத்தில் அச்சிறுபாக்கம். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இவ்வூருக்குப் பதிகம் பாடினார். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இவ்வூர்க் கதையைத் திருப்புகழில் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், எழுதுகிறவரை வடிவம் எங்கெல்லாம் இழுத்துச் செல்கிறது என்பது தெரியும்.

சம்பந்தர் பதிகத்துக்கு ஒரு முறை உண்டு. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் கயிலையை எடுத்த இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய மாலும் அயனும், பத்தில் சமணரும் சாக்கியரும், கடைசியில் தம் பெயர். இந்தப் பதிகத்தில் இன்னொரு கட்டும் சேர்கிறது. ஒவ்வொரு பாட்டும் ஊர்ப்பெயரைச் சொல்லி, இறைவன் அதை ஆட்சிகொண்டதாக முடிய வேண்டும். இங்கே கோயில்கொண்டவர் பெயரும் ஆட்சீஸ்வரர்தான்.

எட்டாம் பாட்டைப் பாருங்கள். கச்சு, பிச்சம், பச்சம் என்று எதுகை அடி அடியாக இறங்கி, நான்காம் அடியில் ‘அச்சம்’ வந்து நிற்கிறது. இராவணனை விரலால் நெரித்ததும் பிறகு அருளியதும் எல்லோரும் பாடிய கதை. அச்சத்தையும் அருளையும் ஒருசேரக் கொடுத்தார் என்ற சுருக்கமோ, அந்த எதுகையைத் தேடிப் போன வழியில் விளைந்தது என்றே நம்புகிறேன்.

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவன், விநாயகரை வணங்க மறந்ததால் தேரின் அச்சு முறிந்தது இங்கேதான் என்பது தலபுராணம். அருணகிரியார் அதை விநாயகர் திருப்புகழில் ஓரடிக்குள் முடித்துவிடுகிறார். ‘தத்தன தனதன’ என்று ஓடும் சந்தம் நின்று கதை சொல்ல விடாது. தேர் ஓடுவதும் அச்சு பொடிபடுவதும் காதில் மட்டும் விழுகின்றன.

இவரேதான் கந்தர் அநுபூதியும் பாடினார். சின்னச் சின்ன அடிகள், தாழ்ந்த குரல், நேரான வேண்டுதல். கந்தர் அந்தாதியிலோ யமகமும் திரிபும். ஒரு பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகளே. உரையில்லாமல் உள்ளே நுழைய முடியாது. அநுபூதியின் உருக்கத்தை அங்கே தேடுவது வீண்.

யாப்பு பழசு என்று ஒதுக்கும் இளம் எழுத்தாளர்கள் ஒரு வெண்பாவாவது எழுதிப் பார்க்க வேண்டும். தளை தட்டும் இடத்தில் முதலில் வந்த சொல்லைக் கைவிட்டாக வேண்டும். அடுத்த சொல்லோடு வேறொரு எண்ணமும் வரும். அதற்கு முன், முதல் திருமுறையில் 77ஆவதான இந்த அச்சிறுபாக்கப் பதிகத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.