ஐந்து மணிக்கு விடியும் கரை

அந்தமான் நாட்கள் - 9

ஹேவ்லாக்கில் நான் போய் இறங்கிய முதல் நாள் மாலை கரையில் கடல் இல்லை.

அது ஒரு டிசம்பர் மாதம். விஜயநகர் பக்கம் அறை எடுத்திருந்தேன். பெட்டியை வைத்து, குளித்து, தேநீர் குடித்துவிட்டு நாலரை மணிக்கு நிதானமாகக் கரைக்கு வந்தேன். அலை இருக்க வேண்டிய இடத்தில் பாசி படிந்த பாறைத்தளம் விரிந்து கிடந்தது. படகு ஒன்று தரை தட்டிச் சாய்ந்திருந்தது. எங்கோ தள்ளி ஒரு நீலக்கோடு தெரிந்தது, அதுதான் தண்ணீர். அதுவரை நடந்தே போய்விடலாம் என்று செருப்பைக் கழற்றினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். விடுதியை நடத்தும் வங்காள அம்மா. ஊரே அவரைத் தீதி என்றுதான் கூப்பிடும். "இப்ப பாட்டா. இப்பப் போகாதீங்க. பவழத்துல கால் வச்சா காலும் கிழியும், பவழமும் சாகும். நாளைக்கு ஜோயார் ஏறும்போது நானே கூப்பிடுறேன்" என்றார் இந்தியில். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டது. மணி ஐந்தரைகூட ஆகவில்லை.

அந்தமானுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த விடுதி நல்லது, எவ்வளவு ஆகும் என்பதுதான். நான் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்று: காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? இந்தத் தீவில் உங்கள் நாள் வீணாகுமா நிறையுமா என்பதை அந்தப் பதிலை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காரணம் எளிது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஹேவ்லாக் இருப்பது ஏறத்தாழ 93 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், அங்கே சூரியன் கடிகாரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் கடலுக்குள் இறங்கிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணிக்குச் சிற்றுண்டி முடித்து, பதினொன்றுக்குக் கிளம்பினால், நல்ல வெளிச்சத்தில் பாதியை அறையிலேயே செலவழித்திருப்பீர்கள். மிச்சம் இருப்பது உச்சி வெயிலும் ஒரு சின்ன மாலையும்தான். ஒன்பது மணிக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்து பாருங்கள். தீவுக்காரர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

சூரியனுக்கு அடுத்தது ஓதம். தீதி சொன்ன ஜோயார், பாட்டா இரண்டும் வங்காளச் சொற்கள். நம் கடலோரத்தில் ஏற்றம், வற்றம் என்கிறோமே, அவைதான். ஒரு நாளைக்குச் சுமார் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். மெரினாவில் நிற்கிறவருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. அங்கே ஏறி இறங்கும் உயரம் குறைவு, கரையும் சட்டென்று ஆழமாகிவிடும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை அப்படியல்ல. தட்டையான பவழத்தளம் வெகுதூரம் நீள்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அதனால் கடல் வருவதும் போவதும் கண்ணெதிரே நடக்கும். அஷ்டமி வாக்கில் அந்த அளவு வித்தியாசம் இருக்காது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தீதி சொன்னபடியே கதவைத் தட்டினார். முந்தின நாள் படகு சாய்ந்து கிடந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். கரையில் சாய்ந்து வளர்ந்த மோவா மரங்களின் வேர் வரைக்கும் வந்திருந்தது. அடியில் மணல் இருந்த இடம் பச்சை, பவழம் இருந்த இடம் கருநீலம். அதே இடம்தான், அதே நான்தான்.

ஓத நேரங்களை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. போர்ட் பிளேருக்கான கணக்கு ஹேவ்லாக்குக்கும் ஏறக்குறையப் பொருந்தும். அதெல்லாம் தேட முடியாவிட்டாலும், படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நீச்சலுக்கும், முகமூடி போட்டு மீன் பார்ப்பதற்கும் ஏற்றம் நிறையப் போகும் நேரம் நல்லது. வற்றத்தில் ஈர மணலில் நடக்கலாம். பவழத்தளத்தின் மேல் மட்டும் வேண்டாம். குண்டுப் பவழங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. 2010இல் கடல் சூடாகி இந்தத் தீவுகளின் பவழங்கள் பெருமளவு வெளிறிப் போயின. அந்த அடியிலிருந்து தப்பித்து நிற்பவற்றைப் படம் எடுப்பதற்காக ஒருவர் மிதிப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

இங்கே ஊர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளக் குடும்பங்களைக் காட்டை வெட்டிக் குடியேற்றிய தீவு இது. அவர்கள் கிராமங்களுக்குக் கோவிந்தநகர், விஜயநகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர் என்று கண்ணன், ராதை பெயர்களாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டோ ஓட்டுநரிடம் ராதாநகர் என்பதைவிட 'ஏழாம் நம்பர்' என்று சொல்வதே எளிது. கடைத்தெரு மூன்றாம் நம்பர், விஜயநகர் ஐந்தாம் நம்பர். தீவுக்கு 2018இல் ஸ்வராஜ் தீவு என்றும், போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாறிவிட்டது. பயணச்சீட்டில் புதுப்பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது, நானும் அதையே எழுதுகிறேன்.

ஏழாம் நம்பர் கரையை 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. 2020இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. கூட்டம் வரக் காரணம் வேறு வேண்டுமா? மேற்கு பார்த்த கரை என்பதால் எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க மாலை நாலு மணிக்கு வந்து குவிகிறார்கள். நான் சொல்வது காலை ஆறு மணி. காட்டின் உயர்ந்த மரங்கள் கரை முழுவதும் நிழல் போட்டிருக்கும். மணலில் நண்டுகள் இரவெல்லாம் போட்ட கோலம் கலையாமல் இருக்கும். கிளியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. மாலையில் இன்னொரு முறை போங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் காலையில் போங்கள்.

காற்றையும் கவனிக்க வேண்டும். மே மூன்றாம் வாரம் வாக்கில் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவது இந்தக் கடலைத்தான். கேரளத்துக்கு அது ஜூன் 1 வாக்கில்தான் வருகிறது. அந்த மாதங்களில் மேற்குக் கரையான ராதாநகரில் அலை முரட்டுத்தனமாக அடிக்கும், கிழக்கே விஜயநகர் அமைதியாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்ததும் இது தலைகீழாகும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம்.

இனி, பலர் சொல்லத் தயங்கும் விஷயம். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. அலையாத்திக் காடுகளும் ஓடைகள் கடலில் கலக்கும் முகத்துவாரங்களும் அவற்றின் வீடு. 2010இல் ராதாநகரை ஒட்டிய ஒரு சிறு வளைகுடாவில் நீந்திய வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலைக்குப் பலியானார். இதைச் சொன்னால் கூட்டம் வராது என்று யாராவது மழுப்பினால் நம்பாதீர்கள். பயந்து ஒதுங்கவும் வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். ஓடை வாயில் இறங்காதீர்கள். இருட்டிய பிறகு எந்தக் கரையிலும் தண்ணீருக்குள் போகாதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதிக்குள்ளேயே, பகலில் குளியுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் குளிக்கிறார்கள்.

எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் போவது வழக்கம், காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம். பெயருக்குப் பின்னால் நிஜ யானைகள் இருக்கின்றன. மரம் இழுக்கப் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட யானைகள் இந்தத் தீவுகளுக்கிடையே கடலில் நீந்தப் பழகியிருந்தன. 2002இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது, அவற்றின் வேலையும் முடிந்தது. ராஜன் என்ற யானை ஹேவ்லாக்கிலேயே தங்கிக் கடலில் நீந்திக்கொண்டிருந்தான். உலகெங்கிலுமிருந்து அவனைப் படமெடுக்க வந்தார்கள். 2016இல் இறந்துபோனான். காலை முதல் படகில் அந்தக் கரைக்குப் போனால், கூட்டம் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் தெளிந்த தண்ணீர் உங்களுக்குக் கிடைக்கும்.

கப்பல் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு நீங்கள் போர்ட் பிளேரில் இருந்தாக வேண்டும். காலையில் ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். ஆனால் நடுவில் இருப்பது கடல். 2016 டிசம்பரில் கனமழையிலும் காற்றிலும் கப்பல்கள் நின்று, ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டுவந்தன. அந்தக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் சில நாளில் வர்தா புயலாகிச் சென்னையில் மரங்களைச் சாய்த்தது. அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம், ஒரு நாள் கடல் கொந்தளித்தாலே சேவை நின்றுவிடும். அரசுக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்தத் தீவில் இருப்பது ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய வைத்தியம் என்றால் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். அந்தக் கப்பல் தீவுக்காரர்களின் ஊர்ப் பேருந்து.

ஆழ்கடல் மூழ்கல் ஆசை இருந்தால் அதை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீருக்கடியில் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்கும். உடனே விமானத்தில் ஏறி அழுத்தம் குறைந்தால் அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் கோளாறு செய்யும். ஒரு நாள் இடைவெளி விடுவது பாதுகாப்பு. சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மூக்கடைப்போடு காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது.

மணல் ஈ என்று ஒன்று உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடிக்கும்போதும் பெரிதாகத் தெரியாது. மறுநாள் கால் முழுக்கச் சிவந்து அரிக்கும். விடியலிலும் அந்தியிலும் வெறும் மணலில் உட்காராமல் பாய் விரியுங்கள். காலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். தீதி கொடுத்த வைத்தியம் இது, எனக்குப் பலித்தது. சொறிந்தால் புண்ணாகும். தென்னைமரத்தடியில் மட்டும் பாயைப் போடாதீர்கள், தேங்காய் விழும்.

மூன்றாம் நம்பர் கடைத்தெருவில் காலையில் மீன் வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைக் காலையிலேயே சொல்லிவிட்டால், சூரையோ பாறையோ கடுகரைத்த குழம்பில் கிடைக்கும். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிச் சேவை, 2020இல் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கம்பிவடம் போட்ட பிறகு முன்னளவுக்கு மோசமில்லை. தண்ணீர்தான் கவலை. தீவு முழுக்க மழையை நம்பியிருக்கிறது. மார்ச், ஏப்ரலில் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த மாதங்களில் தீதி ஒரு வாளியில் குளிப்பார், மிச்சத்தில் துணி அலசுவார், அந்த அழுக்குநீர் வாழைக்குப் போகும். ஷவரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் நிற்கும் நாம் அவருடைய கிணற்றில்தான் குளிக்கிறோம்.

கடைசியாகச் சங்கும் சிப்பியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவழத்தை எடுத்துவருவது குற்றம். கரையொதுங்கிய செத்த துண்டானாலும் விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள். சங்குக்கு ஆசைப்பட்டால் அரசின் கைவினைக் கடையில் ரசீதோடு வாங்கலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் வேறு. காலாபத்தர் கரையில் விடியற்காலை போய் அசையாமல் உட்காருங்கள். கிடக்கிற கூடுகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நடக்கும். துறவி நண்டுக்குப் பின்பக்கத்தில் கெட்டி ஓடு கிடையாது. மென்மையான பின்னுடலைச் செத்த நத்தையின் கூட்டுக்குள் நுழைத்துத்தான் உயிர் வாழ்கிறது. வளர வளரப் பெரிய கூடு தேட வேண்டும். நாம் பொறுக்கிக்கொண்டு போனால் அதற்கு வீடில்லை.

போன முறை திரும்பும்போது ஜெட்டி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மதுரைக் குடும்பம் நின்றது. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை தாயின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உள்ள ஏதோ நடக்குது" என்றாள். திறந்தால், நீங்கள் நினைப்பதுதான், சங்குக்குள்ளிருந்து சிவந்த கால்கள். கப்பலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அப்பா வரிசையில் இடம் பிடித்து நின்றார். தாயும் மகளும் வெயிலில் ஓடி, ஜெட்டியை ஒட்டிய மணலில், தாழம்புதர் நிழலாகப் பார்த்து அதை இறக்கிவிட்டார்கள். அது கொஞ்ச நேரம் கூட்டுக்குள் சுருண்டு கிடந்துவிட்டு, மெல்ல எழுந்து, புதருக்குள் நடந்து போனது. பிள்ளை அது மறையும்வரை எழுந்திருக்கவில்லை.

(தொடரும்)