நடந்துவிட்டார், கை எப்போது வரும்?

குளியலறையில் கால் வழுக்குகிறது. நெற்றி வாளியிலோ நிலைப்படியிலோ மோதி, தலை பின்னால் மடங்கி விழுகிறார் அறுபது வயதைக் கடந்த ஒருவர். காயம் சின்னதுதான். எழுந்திருக்கப் பார்த்தால் கையும் வரவில்லை, காலும் வரவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்; எங்கும் முறிவு இல்லை. "எலும்பு ஒண்ணும் உடையலையாம்" என்று உறவினர்களுக்குப் போன் பறக்கிறது. சில நாளில் கால் அசைகிறது. சில வாரத்தில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வீடே பெருமூச்சு விடும் அந்த வேளையில் அவரால் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுக்க முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது.

தண்டுவடம் முழுதும் பழுதாகாமல் ஒரு பகுதி மட்டும் பாதிக்கப்படுவதை முழுமையற்ற காயம் என்கிறோம். அதில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த வகைதான்: 'சென்ட்ரல் கார்டு சின்ட்ரோம்'. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஷ்னைடர் 1954இல் இதை விவரித்தார். காலைவிடக் கை அதிகம் பாதிக்கப்படுவது இதன் அடையாளம்.

எலும்பு உடையாமல் எப்படி?

வயது ஏற ஏறக் கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் தேய்ந்து பிதுங்குகிறது. எலும்பு விளிம்பில் முள் வளர்கிறது. பின்புறத் தசைநார் தடிக்கிறது. தண்டுவடம் இறங்கும் பாதை எல்லாப் பக்கமும் ஒடுங்கிக்கொண்டே வருகிறது. "கழுத்துத் தேய்மானம்" என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் தைலம் தேய்த்துச் சமாளிப்பவர்கள் பலருக்கு இப்படி ஒடுங்கியிருப்பதே தெரியாது.

முகம் எதிலாவது மோதித் தலை பின்னால் மடங்கும்போது, முன்னாலிருந்து எலும்பு முள்ளும் பின்னாலிருந்து மடிந்த தசைநாரும் தண்டுவடத்தை ஒரு கணம் நசுக்கிவிட்டு விலகிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் எலும்புகள் பழைய இடத்திலேயே இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தண்டுவடத்தின் வீக்கம் தெரியும்.

சரி, கை ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறது? மூளையிலிருந்து இறங்கும் முக்கிய இயக்க நரம்புப் பாதை, மனிதர்களில் பெரும்பாலும் விரல்களின் நுண்ணிய வேலைக்கானது. நிற்பதையும் நடப்பதையும் வேறு சில பாதைகளும் பகிர்ந்து கவனிக்கின்றன. பெரிய பாதை அடிபட்டால் காலுக்கு மாற்று வழி உண்டு. விரலுக்கு அப்படி இல்லை.

முழுமையற்ற காயத்தில் வேறு வகைகளும் உண்டு. தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டால் அந்தப் பக்கம் பலவீனமும், மறுபக்கம் சூடும் வலியும் தெரியாத நிலையும் வரும். முன்பகுதி அடிபடும் வகையில்தான் மீட்சி குறைவு. இங்கே கை பாதிக்கப்படும் வகையைப் பற்றியே பேசுகிறேன்.

முதல் சில மணி நேரம்

விழுந்தவருக்குக் கை கால் அசையவில்லை, அல்லது மரத்துப் போயிருக்கிறது என்றால், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது நாம் செய்யக்கூடிய பெரிய கேடு. தலையையும் கழுத்தையும் உடம்போடு ஒரே நேராகப் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்லிக் காத்திருப்பதே சரி. சாலை விபத்தானால், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். குளியலறை விபத்து அதில் அடங்காது.

மருத்துவமனையில் முதல் கவலை இரத்த அழுத்தம். அது விழுந்தால், நசுங்கியும் உயிரோடிருக்கும் நரம்புகளுக்குப் போகும் இரத்தமும் குறைந்துவிடும். தண்டுவடம் இன்னும் அழுத்தப்பட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து விடுவிப்பது நல்லது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கழுத்து எலும்புகள் உறுதியாக இருக்கும் சென்ட்ரல் கார்டு நோயாளிகளுக்கு அவசர அறுவை வேண்டுமா, காலர் போட்டுக் காத்திருக்கலாமா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் வாதம் உண்டு. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

பரிசோதனையில் ஆசனவாய்ப் பகுதியில் உணர்ச்சி இருக்கிறதா, விரலை வைத்தால் இறுக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். குடும்பத்தாருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் இதைவிட முக்கியமான சோதனை கிடையாது. தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கேதான் போகின்றன. அங்கே உணர்ச்சி இருந்தால் ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது, காயம் முழுமையற்றது. இதையும் தசைகளின் வலுவையும் வைத்து 'ஏ' முதல் 'இ' வரை தரம் பிரிப்பார்கள். 'ஏ' முழுமையான காயம். 'சி', 'டி' என்றால் காயத்துக்குக் கீழே தசைகள் ஓரளவு வேலை செய்கின்றன என்று பொருள். 'டி' தரத்தில் தொடங்கும் பெரும்பாலோர் நடந்துவிடுகிறார்கள். அடிபட்ட அதிர்ச்சியில் தண்டுவடம் சில நாள் முற்றிலும் அடங்கிப் போயிருக்கக்கூடும் என்பதால், முதல் நாள் தீர்ப்பைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எது முதலில் திரும்பும்

இந்தக் காயத்தில் மீட்சிக்கு ஒரு வரிசை உண்டு. பொதுவாகக் கால் முதலில் வரும். பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு, பிறகு தோளும் முழங்கையும். விரல்கள் கடைசி. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் முதியவர்களைவிட வெகுவாகத் தேறுகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை நன்றாகத் தெரியும், அதன்பின் மெதுவாக ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தொடரும்.

நம் வீடுகளில் நடக்கும் தவறு இந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது. மருத்துவரிடம் முதல் கேள்வி "நடப்பாரா?" என்பது. நடந்ததும் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. பிசியோதெரபிக்குப் போவது நிற்கிறது, பார்க்க வருகிறவர்கள் "நல்லாத்தானே இருக்கார்" என்கிறார்கள். விரல்களுக்குப் பயிற்சி மிகவும் தேவைப்படும் காலத்தில் பயிற்சி கொடுக்க யாரும் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கிடைக்கும் பொறுமைகூட நடக்கிறவருக்குக் கிடைப்பதில்லை.

கைக்கு என்ன செய்யலாம்

முதல் வாரங்களில் கை வீங்கும். தொங்கவிடாமல் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு விரல் மூட்டையும் தினமும் மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். வீங்கிய கை சில வாரம் சும்மா கிடந்தால் மூட்டு இறுகிவிடும். பிறகு நரம்பு திரும்பினாலும் விரல் மடங்காது. எழுப்பி உட்கார வைக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பலவீனமான தோள் மூட்டு நழுவி, வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

ஒரு நுட்பமான விஷயம். விரல்கள் செயலிழந்து மணிக்கட்டு மட்டும் வேலை செய்பவர்களுக்கு, மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாகவே மடங்கும். அந்தப் பிடியை வைத்தே டம்ளர் எடுக்கலாம், கரண்டி பிடிக்கலாம். அக்கறையோடு யாராவது மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் முழுதும் விரித்து இழுத்துக்கொண்டே இருந்தால் தசைநாண்கள் தளர்ந்து அந்தப் பிடி போய்விடும். நீட்டும் பயிற்சி எப்படி என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. பிசியோதெரபிஸ்டைத் தெரிந்த அளவுக்கு நம் ஊர்களில் இவர்களைத் தெரிவதில்லை. கைக்கு இவர்கள்தான் வேண்டும்.

பார்க்க வருகிற எல்லோரும் ரப்பர் பந்து வாங்கி வருவார்கள். எனக்கு அந்தப் பந்தில் பெரிய நம்பிக்கை இல்லை. அது மடக்கும் தசைக்கு மட்டும் வேலை கொடுக்கிறது. ஏற்கெனவே இறுக்கமாக மடங்கிக் கிடக்கும் கையில் விரிப்பதுதான் கடினம். உண்மையான வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதே பலன் தரும்: தட்டிலிருந்து பயறு பொறுக்குவது, பட்டாணி உரிப்பது, நாணயத்தைப் புரட்டுவது, துணி மடிப்பது. நாளுக்கு ஒருமுறை போதாது, நூற்றுக்கணக்கான தடவை வேண்டும்.

சாப்பாட்டில் இட்லியிலிருந்து தொடங்கலாம். சோற்றுக்குச் சில மாதம் கரண்டிதான். பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் நழுவாது. ஊட்டிவிடுவது விரைவாக முடியும். ஆனால் அவர் அரை மணி நேரம் போராடிச் சிந்திச் சாப்பிடுவதே அன்றைய பயிற்சி. கட்டிக்கொள்ள வெல்க்ரோ வைத்த வேட்டி கடையில் கிடைக்கிறது. பெண்களுக்கு முன்பக்கம் ஒட்டும் நைட்டி வசதி. கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. காபி டம்ளரும் கொதிக்கும் சாம்பாரும் கொப்புளம் போட்ட பிறகே தெரியும்.

ஓராண்டு கழித்தும் விரல் திரும்பாதவர்களில் சிலருக்கு, வேலை செய்யும் தசை ஒன்றின் நாணைத் திருப்பி விரலுக்கு இணைக்கும் அறுவை உண்டு. வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் செய்து புகழ்பெற்ற அதே வகை அறுவை. அவரோடு அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அறுபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூர் பாகாயத்தில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பால் வந்தது. அவருடைய காயம் முழுமையானது, கால் திரும்பவே இல்லை. கை இருந்தது, அதை வைத்து ஒரு மருத்துவத் துறையையே எழுப்பினார்.

நடக்கிறவருக்கு எதற்கு டியூப்?

சிறுநீர்ப்பையின் நரம்புகளும் தண்டுவடம் வழியாகவே போகின்றன. சிலருக்கு வந்தால் அடக்க முடியாது. சிலருக்குப் போன மாதிரி இருக்கும், உள்ளே பாதி தேங்கிக் கிடக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. தேங்கிய சிறுநீர் தொற்றாகி, சிறுநீரகம் வரை பின்னோக்கி ஏறும். ஒரு காலத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்களை அதிகம் கொன்றது சிறுநீரகச் செயலிழப்பே.

அதை மாற்றியவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேபிடஸ். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான மெல்லிய டியூபைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப்பைக்குள் விட்டு எடுத்தாலே போதும், அறுவை அரங்கு அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை என்று 1972இல் எழுதினார். நிரந்தர டியூபைவிட இது மேல். விரல் வராதவருக்குத் தானே செய்துகொள்ள முடியாது என்பதால் மனைவியோ மகனோ கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கூச்சம் சில நாள்தான். சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு டியூபை நிறுத்துங்கள். நடக்கிறார் என்பதற்காக நிறுத்தாதீர்கள். மலச்சிக்கலும் தாம்பத்தியச் சிக்கலும் இதே நரம்புகளின் விளைவு. இரண்டுக்கும் மருந்து உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

வலி, இறுக்கம், திடீர்த் தலைவலி

கையில் தீப்பற்றியது போன்ற எரிச்சல் பலருக்கு இருக்கும். வழக்கமான வலி மாத்திரை இதைத் தொடாது. பிரிகாபாலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் தருவார். கால் வெடுக்கென்று இழுப்பதைப் பலர் குணமாவதாக நினைக்கிறார்கள். அது தசை இறுக்கம், அளவு மீறினால் மீண்டும் விழவைக்கும். கழுத்து அல்லது மேல் மார்பு மட்டத்தில் தண்டுவடக் காயம் உள்ளவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் இரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். உடனே உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூப் அடைத்திருக்கிறதா, சிறுநீர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அது அவசர நிலை.

லட்சங்களில் விற்கப்படும் ஊசி

விரல் வராமல் ஏங்கும் குடும்பத்தைத் தேடி ஸ்டெம் செல் விளம்பரம் வரும். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டதல்ல என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலை. முறையான ஆய்வாக நடந்தால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. வீட்டை அடகு வைக்கச் சொன்னால் அது ஆய்வு இல்லை.

உண்மையான முன்னேற்றமும் இருக்கிறது. கழுத்தின் பின்புறத் தோலில் மின்முனை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டிக்கொண்டே கைப்பயிற்சி கொடுக்கும் ஆர்க்-இஎக்ஸ் என்ற கருவியின் ஆய்வு முடிவு 2024இல் வெளியானது. அடிபட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களிலும் பலருக்குப் பிடியும் வலுவும் கூடியிருந்தன. அமெரிக்க எஃப்.டி.ஏ. அதே ஆண்டு டிசம்பரில் அனுமதித்தது. அங்கும் தூண்டுதலோடு சேர்ந்தே வந்தது பயிற்சி.

திரும்பவும் மருத்துவரிடம் போக வேண்டியது

தேறி நிலைத்த பிறகு, சில மாதமோ பல வருடமோ கழித்து, கை மறுபடி பலவீனமாகிறது, மரப்பு மேலே பரவுகிறது, இருமினாலோ தும்மினாலோ கழுத்தில் வலி வெட்டுகிறது என்றால் வயதானதால் என்று விட்டுவிடாதீர்கள். அடிபட்ட இடத்தில் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாகி வளரக்கூடும். கழுத்தெலும்பு இன்னும் தேய்ந்து அழுத்தலாம். இரண்டும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் கூடவே எடுத்துப் போங்கள். புதிதாக என்ன மாறியிருக்கிறது என்பதை மருத்துவர் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.