பழைய சேலையில் புதுச் சந்தோஷம்!



பிள்ளைகள் பள்ளிக்கும், கணவர் வேலைக்கும் போன பிறகு, பகல் பொழுது நகராமல் கிடக்கிறதா? அம்பாசமுத்திரத்தில் குடித்தனம் நடத்தும் எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் தையல் மெஷின் அதை மாற்றியது.

பாபநாசத்தில் குளிக்க வருவோர், பரிகாரம் என்று உடுத்திய துணிகளைத் தாமிரபரணியில் விட்டுப் போகிறார்கள். பாலித்தீன் பைகளும் ஆற்றில்தான் சேருகின்றன. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலேயே தமிழகத்தில் தடை வந்தாச்சு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டமும் வந்தது. ஆனாலும், கையில் துணிப்பை இருந்தால்தானே பழக்கம் மாறும்?

அதனால், பழைய நூல் சேலைகளில் பை தைக்கிறேன். முதலில் இரண்டு கரையையும் நீளவாக்கில் வெட்டி, கைப்பிடிக்கு வைத்துக் கொள்வேன். மீதியை 16 அங்குல அகலத் துண்டுகளாக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால், ஐந்தரை மீட்டர் சேலையில் ஆறு பை தேறும், கனம் தாங்கும்.

தைத்ததைக் காய்கறி விற்கும் ஆச்சியிடம் கொடுத்து விடுவேன். 'பை கொண்டு வராதவங்களுக்குச் சும்மா குடுங்க ஆச்சி' என்பேன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு மதினி, காலமான தன் மாமியாரின் சேலையை ஆற்றில் விடாமல் என்னிடம் தந்தார். தைத்ததும், 'எனக்கு ஒண்ணு வேணும்' என்று கேட்டு வாங்கிக் கொண்டார். அந்த நிறைவுக்கு விலை உண்டா?

உங்கள் பீரோவிலும் பழைய சேலை இருக்குமே... தைத்துத்தான் பாருங்களேன்!

- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்.